ஊற்றுக்கு வைத்த சாமி

பீயைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கவும் றப்பர் பால் வெட்டவும் மலைக்குப் போனபிறகு, அவர்களுடைய கைக்குழந்தைகளையும் தத்தி நடக்கிற பிள்ளைகளையும் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. கழுவுவதும் துடைப்பதும்தான் அதில் பாதி. எந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவர்களிடம் எனக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. வளர்ந்த, படித்த, காலில் விலையான சப்பாத்துப் போட்ட மனிதர்களின் கழிவுதான் என்னைக் குமட்ட வைத்தது. அதுவும் எங்கே? நாங்கள் குடிக்கிற தண்ணீருக்கு நாலு எட்டு மேலே.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. கீழே றப்பர், நடுவில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள், மேலே தேயிலை. தேயிலைக்கும் மேலே இருப்பதைக் கோட்டைமலை என்போம். உச்சியில் இடுப்பளவுக்கு ஒரு கருங்கல் மதில் வளைந்து போகும். பாறையில் வெட்டிய படிகள் உண்டு, பாசி பிடித்த ஒரு குளம் உண்டு. கடற்கரைப் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரப் படையைக் கண்காணிக்க அந்தக் காலத்து ராசா கட்டியது என்று சொல்கிறார்கள். அங்கே நின்றால் மலைக்குப் பின்னால் மலையாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அழகுதான், நான் மறுக்கவில்லை. விறகு பொறுக்கப் போன காலத்தில் அந்த மதிலில் சுமையை இறக்கி வைத்துவிட்டு நானும் வாய் பார்த்து நின்றிருக்கிறேன்.

அந்தக் கோட்டையின் அடிவாரத்தில், ஒரு பாறைக்குக் கீழே எங்கள் ஊற்று. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டிய சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் சேர்ந்து, குழாய் வழியாக லயத்துப் பீலியில் வந்து விழுகிறது. குடிக்க, சமைக்க, பிள்ளைகளுக்குப் பால்மா கரைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். வேறு தண்ணீர் வேண்டுமென்றால் றப்பர் மலையைத் தாண்டி ஓடைக்குப் போகவேண்டும்.

ஒருநாள் காலையில் பிள்ளை மடுவத்தைத் திறக்கப் போனேன். சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு அம்புக்குறி, மேல் நோக்கி. யாரும் என்னைக் கேட்கவில்லை. லயத்துப் பின்சுவரில் ஒன்று, கோயில் அரசமரத்தில் ஒன்று, தேயிலைக்குள் பாறைக்குப் பாறை ஒன்று. நாங்கள் கூடையோடு ஏறி இறங்கித் தேய்த்த பாதை, ஒரே இரவில் நடைப்பயணப் பாதை ஆகிவிட்டிருந்தது. கோட்டையைப் பார்க்கக் கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வருவார்கள், தோட்டத்துக்குப் பெயர் வரும் என்று இப்போது தோட்டத்தை நடத்துகிற துரை சொன்னாராம். பெயர் வந்ததோ இல்லையோ, ஆட்கள் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். கையில் ஊன்றுகோல், முதுகில் பை, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை இழுத்த காலுறை, அதன் மேல் சவர்க்காரம். அவர்களைக் கூட்டிவருகிற வழிகாட்டி டவுன் பக்கத்துச் சிங்களப் பையன். கெட்டவன் இல்லை, என்னை "அக்கே" என்றுதான் கூப்பிடுவான். லயத்தைக் கடக்கும்போது நின்று விளக்கம் சொல்வான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எங்கள் வாசலை எட்டிப் பார்த்து "அனே பவ்" என்பார்கள். ஐயோ பாவமாம். அடுப்பைப் படம் எடுப்பார்கள், கொடியில் காய்கிற பிள்ளைத் துணிகளைப் படம் எடுப்பார்கள். என் உள்பாவாடையும் யாரோ ஒருவருடைய போனில் இருக்கிறது.

என் தங்கச்சியின் மகளை, அந்தக் கூட்டத்தில் வந்த பணக்கார அம்மா, ஒரு நோனா, தூக்கிக் கொஞ்சினாள். தங்கச்சிக்குக் கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை அது. நோஞ்சான். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றால் போய்விடும். பகலெல்லாம் என் மடுவத்தில், என் இடுப்பில் இருக்கிற பிள்ளை. நோனா அதன் கன்னத்தைக் கிள்ளி, பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்து முடித்தாள். கீழே இறக்கிவிட்ட கையோடு பையில் இருந்து ஒரு ஈரக் காகிதத்தை உருவி, விரல் விரலாகக் கையைத் துடைத்தாள். ரோசாப்பூ வாசம் என் மூக்குவரை வந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றது. எனக்கு அந்தக் கையை ஒடிக்கவேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் பீலியில் தண்ணீர் மெலிந்து வந்தது. இலை அடைத்திருக்கும் என்று பார்க்க ஊற்றுக்கு ஏறினேன். தொட்டிக்குப் போகும் முன்பே அந்த ரோசாப்பூ வாசம் வந்தது. கூடவே மற்ற வாசமும். பாறைக்கு மேலே, காட்டுப் பன்னச்செடி அடர்ந்து மறைக்கிற சமதரையில், ஒருவரல்ல, ஒரு கூட்டமே குந்தி எழும்பியிருந்தது. கோட்டையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு இறங்குகிறவர்களுக்கு மறைவும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைத்த இடம் அது. ஈரக் காகிதங்கள் பன்னத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒன்று தொட்டியின் வாயில் மிதந்தது. இரவு பெய்த மழை மிச்சத்தை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று யோசித்தபோது, காலையில் குடித்த தேத்தண்ணி தொண்டைவரை வந்தது. வாந்தி எடுத்தேன், ஆனால் ஊற்றுக்குக் கீழ்ப்பக்கமாகப் போய். அந்த அறிவு எனக்கு இருந்தது.

அதன்பிறகு திங்கட்கிழமை என்றால் மம்பட்டியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவது என் வழக்கமாகிவிட்டது. துரையிடம் போய்ச் சொன்னேன். சிங்களத்தில்தான் சொன்னேன், விளங்காமல் போக வழியில்லை. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டுவிட்டு ஒரு பலகை போடச் சொன்னார். பலகை வந்தது. சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்தில் எழுதி, தண்ணீரைக் குடிக்கிற எங்கள் பாஷையை மட்டும் விட்டுவிட்டார்கள். சரி, அசுத்தம் பண்ணுகிறவர்களுக்குப் புரிந்தால் போதும் என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த திங்கள் பலகையின் காலடியிலேயே கிடந்தது.

மடுவத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. தங்கச்சி மகளுக்கு ஒன்று விட்டால் ஒன்று. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடு என்று தங்கச்சியிடம் தலையால் நடந்து சொன்னேன். விடியுமுன் எழுந்து, சமைத்து, மலைக்கு ஓடுகிறவள் அவள். "பச்சத்தண்ணி குடிச்சுத்தானக்கா நாம வளந்தோம்" என்பாள். உண்மைதான், அப்போது மேலே யாரும் குந்தவில்லை. பிள்ளையின் முழங்கை எலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது. அதைக் குளிப்பாட்டும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரத்தை யாரும் வெட்டக்கூடாது என்றால் அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். ஒரு மூலையில் யாரும் மூத்திரம் பெய்யக்கூடாது என்றால் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிடுவோம். பலகைக்குப் பயப்படாதவனும் மஞ்சளுக்குப் பயப்படுவான். இது எனக்கு முன்பே தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

கல் தேடினேன். ஆற்றுக்கல் உருண்டு போகும், நிற்காது. லயத்துக்குப் பின்னால், இடித்துப்போட்ட பழைய கக்கூசின் கால்வைக்கும் கற்கள் புதருக்குள் கிடந்தன. நாலு பக்கமும் உளி போட்டுக் கொத்திய கருங்கல். கோட்டை மதிலில் இருந்து கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்துதான் துரைமார் அந்தக் கக்கூசைக் கட்டினார்கள் என்று அப்பா சொல்வார். அதில் சின்னதாக ஒன்றை எடுத்தேன். முள்ளை முள்ளால்தானே எடுக்கவேண்டும்! போயா நாள், பௌர்ணமி விடுமுறை, வேலை இல்லை, எல்லோரும் டவுனுக்குப் போயிருந்தார்கள். கல்லைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, தனியாக ஏறினேன். தொட்டிக்கு மேலே அந்தச் சமதரையில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டேன். கும்பிடவில்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு இறங்கினேன்.

பலித்தது. அடுத்த திங்கள் போனால் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. மண் வாசமும் பன்ன வாசமும் மட்டும்தான். மம்பட்டியை வெறுமனே தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, நீண்ட நாளைக்குப் பிறகு எனக்குப் பாட்டு வந்தது. தங்கச்சி மகளும் கொஞ்சம் தேறினாள். அந்தச் சில வாரங்கள் நான் உண்மையிலேயே சந்தோசமாக இருந்தேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். நான் பிடித்ததோ ஒரு காவல்காரனை. அது சாமியாக முடிந்தது.

முதலில் வழிகாட்டிப் பையன் வந்து கேட்டான்.

"அக்கே, மேக்க மொன தெய்யோத?" எந்தத் தெய்வம் என்கிறான்.

வாயில் வந்ததைச் சொன்னேன், "பத்தினி தெய்யோ." அவர்களும் கும்பிடுகிற, எங்களுக்கும் ஒத்துவருகிற தெய்வம். அவன் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தான். உளி அடையாளங்களைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. இது கோட்டைக் கல், கோட்டைக் காவல்காரர்கள் வணங்கிய பத்தினி என்று அடுத்த கூட்டத்துக்கே விளக்கம் தொடங்கிவிட்டான். கோட்டைக் கல் என்பதில் பொய் இல்லை. நடுவில் அந்தக் கல் எங்கே இருந்தது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது.

பாறையில் புதிதாக ஒரு மஞ்சள் அம்புக்குறி விழுந்தது, நேரே ஊற்றுக்கு. முன்னே ஒளிந்து குந்த வந்தவர்கள் இப்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட வந்தார்கள். கழற்றிய காலைக் கழுவவேண்டாமா? தொட்டியில் கழுவினார்கள். மலையெல்லாம் ஏறிய வேர்வையும் அட்டை கடித்த இரத்தமும் சேறும் சேர்ந்து எங்கள் குழாய்க்குள் போனது. இவர்களாவது வெளியாட்கள்.

எங்கள் ஆட்கள் அதற்கு மேலே போனார்கள். லயத்துப் பூசாரி, மற்ற நாளில் புல்லு வெட்டுகிறவர், கனவில் அம்மாள் வந்து "ஊத்துல இருக்கேன்" என்று சொன்னதாகச் சொன்னார். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பெண்கள் மஞ்சள் தேய்த்துத் தலை முழுகிவிட்டுக் கும்பிட்டார்கள். முழுகியது தொட்டியடியில். பாதி வெட்டிய எலுமிச்சங்காய் தண்ணீரில் மிதந்தது. கற்பூரக் கரி படிந்தது. தேங்காய்ச் சிரட்டைகள் ஓரத்தில் புளித்து ஈ மொய்த்தன.

தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் ஆண்கள் கத்திகளை வரிசையாக வைத்துச் சேவல் அறுத்துச் சாமி கும்பிடுவார்கள். கவ்வாத்துச் சாமி என்போம். வழக்கமாக அது மலைநடுவில் ஒரு மரத்தடியில் நடக்கும். அந்த முறை ஊற்றுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சேவலை அறுத்த கத்தியைத் தொட்டியில் அலசினார்கள். மறுநாள் காலை தேத்தண்ணிக்குக் கேத்தலைப் பீலியில் பிடித்தேன். தண்ணீரோடு ஒரு கோழி இறகு வந்து விழுந்தது. நனைந்து, குறுகி, நுனியில் சிவப்பு. கேத்தலை அங்கேயே போட்டுவிட்டு நின்றேன். வேலியே பயிரை மேய்கிறது என்று சும்மாவா சொன்னார்கள்?

பூசாரியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, கும்பிடுங்க, வேணாங்கல. தொட்டிய விட்டுத் தள்ளி வச்சுக் கும்பிடுங்க. புள்ளைங்க குடிக்கிற தண்ணி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சாமி கால்ல பட்டு வர்ற தண்ணிம்மா அது. அதுல என்னா அசுத்தம்?"

தங்கச்சி மகளுக்கு மறுபடியும் தொடங்கியது. இந்தமுறை நிற்கவில்லை. மடுவத்தில் என் மடியிலேயே கண் செருகியது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. ஆட்டோ பிடித்துத் தெரணியகலை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சேலைன் ஏற்றினார்கள். அந்த மெலிந்த கையில் ஊசி ஏற நரம்பு கிடைக்காமல் தாதி மாற்றி மாற்றிக் குத்தினாள். தண்ணீரால் வந்தது என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார், தங்கச்சியும் பக்கத்தில் நின்று கேட்டாள். தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே முந்தானையில் ஒரு சல்லிக்காசை முடிந்தாள். ஊற்று அம்மாளுக்கு நேர்ந்துகொள்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிள்ளை பிழைத்து வந்தது. டொக்டரும் சேலைனும் தாதியும் பாடுபட்டார்கள், பெயர் அந்தக் கல்லுக்குப் போனது. நேர்த்தியைச் செலுத்தவேண்டும் என்று தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தாள். நான் வரமாட்டேன் என்றேன். பிறகு, பிள்ளையையும் கொண்டுபோகிறாள் என்று கேள்விப்பட்டதும் பின்னாலேயே ஏறினேன்.

லயமே அங்கே நின்றது. வழிகாட்டிப் பையனின் கூட்டமும் வந்து, போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. சேவலை அறுத்து முடித்திருந்தார்கள். தரையெல்லாம் இரத்தமும் இறகும். அதன் மேல் எறும்பு. வெயிலில் ஊதுபத்தி வாசத்தோடு கோழிக்குடல் வாசம் சேர்ந்து அடித்தது. புதுச் சட்டை போட்ட பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தது. பூசாரி தொட்டிக்குள் செம்பை விட்டுத் தண்ணீர் மொண்டு, துளசியைப் போட்டு, தங்கச்சியின் உள்ளங்கையில் ஊற்றினார். தீர்த்தம். அவள் அந்தக் கையைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் பாய்ந்து தட்டிவிட்டேன். தண்ணீர் பிள்ளையின் புதுச் சட்டையில் கொட்டியது.

"பைத்தியமா உனக்கு? அந்தத் தண்ணியாலதான் புள்ள சாகக் கெடந்துச்சு. டொக்டர் சொன்னப்ப நீயும்தான நின்ன?"

போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. இனி மறைத்து என்ன வரப்போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இது சாமியே இல்ல. நான் வச்ச கல்லு. மேல வந்து குந்துறானுங்கன்னு, பழைய கக்கூசுல கெடந்த கால்வைக்கிற கல்லக் கூடையில தூக்கியாந்து நட்டேன். மஞ்சளும் நான் பூசுனது. அந்தத் துணி என் சேல. பாருங்க, கரை தெரியும்."

பூசாரி கல்லைப் பார்த்தார், பிறகு வழிகாட்டிப் பையனைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். அவன் தயங்காமல் சொன்னான், இது கோட்டைக் கல்தான், சந்தேகமே இல்லை, எத்தனையோ நூறு வருடம் பழையது. பூசாரியின் முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தியாம்மா. கோட்டையில இருந்தவள வெள்ளக்காரன் கக்கூசுல கொண்டுபோய்ப் போட்டுட்டான். இத்தன காலமும் பொறுத்துக்கிட்டு இருந்து, உன் தலையில ஏறித் திரும்பி வந்திருக்கா."

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சேற்றிலும் கோழி இரத்தத்திலும் மிதித்த கால். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலை இழுத்துக்கொண்டேன்.

தங்கச்சிக்குக் கோபம்கூட வரவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். "நீ தூக்கியாந்த சாமிதான் அக்கா எம்புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துச்சு. ஒனக்கு அது தெரியல" என்றாள். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை விடுவிக்க எனக்குத் தெம்பு இல்லை. மற்றக் கையைப் பூசாரியிடம் மறுபடியும் நீட்டினாள். அவர் தொட்டியில் மொண்டு ஊற்றினார்.

பிள்ளை குனிந்து உறிஞ்சிக் குடித்தது. புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, இன்னும் வேண்டும் என்றது.